எட்டு ஜன்னலும் மூன்று கம்பனியும்

பதுளை பசறை வீதியில் மேட்டுப்பக்கமாக இருக்கும் சிவராசாவின் வீட்டில், ஒக்டோபர் மழை தொடங்கியதுமே சமையலறை ஜன்னல் கழன்று விழுந்தது. அவருடைய மனைவி குணமணி அதைச் சாத்தத்தான் தள்ளினார். மரம் ஈரத்தில் ஊதி, சட்டத்துக்குள் போக மறுத்தது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினார். ஜன்னல் பிணைச்சலோடு கழன்று பின்வளவு வாழைக்குள் போய்க் கிடந்தது.

“இஞ்சாருங்கோ, யன்னல் விழுந்திட்டுது.”

“எந்தப் பக்கம்?” என்று முன்னறையிலிருந்து சிவராசா கேட்டார்.

“வெளிப்பக்கம். உள்ளுக்கு விழுந்திருந்தா இப்ப நான் உங்களோட கதைச்சுக்கொண்டு நிக்கமாட்டன்.”

அந்த வீட்டில் எட்டு ஜன்னல்கள். எட்டும் மழையில் மூடாது, வெயிலில் திறக்காது. முன்னறை ஜன்னலுக்கு, வீடு கூட்டும் தும்புத்தடி ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. படுக்கையறை ஜன்னலுக்குப் பழைய கலண்டர் மட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். குணமணி கேட்டது சின்ன விஷயம். யாராவது ஒரு நல்ல ஆளைப் பிடித்து, எல்லாவற்றையும் கழற்றி, அலுமினியத்தில் போட்டுவிட வேண்டும்.

“செய்வம்,” என்றார் சிவராசா. “ஆனா முறைப்படி செய்வம்.”

அதைக் கேட்டதும் குணமணி ஒரு யூரியாப் பையை வெட்டி எடுத்துவந்து ஜன்னல் ஓட்டைக்கு ஆணியடித்தார். முறைப்படி என்றால் எவ்வளவு காலம் என்று அவருக்குத் தெரியும். மகள் வதனிக்கு முறைப்படி ஒரு சைக்கிள் வாங்கி முடிப்பதற்குள் அவள் கம்பஸுக்குப் போய்விட்டாள்.

சிவராசா யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காகப் பதுளைக்கு வந்தவர். ஓர் அரச அலுவலகத்தின் கொள்வனவுப் பிரிவில் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் நுழைந்து, முடியே இல்லாத காலத்தில் ஓய்வு பெற்றார். அங்கே தும்புத்தடி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளின் விலைமனு வேண்டும். மூன்றும் வரும். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். வெல்ல வேண்டிய கடைக்காரரே மற்ற இரண்டையும் சிநேகிதர்களின் தாளில் எழுதிக் கொண்டுவருவார் என்பது வாசல் காவலாளிக்கும் தெரிந்த விஷயம். சிவராசா பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். தன் சொந்த வீட்டுக்காவது உண்மையான மூன்று கம்பனிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, தரத்தையும் விலையையும் நெல் புடைப்பதுபோலப் புடைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வெகுகாலமாகக் கிடந்தது. வாழைக்குள் விழுந்த ஜன்னல் அதை எழுப்பிவிட்டது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மூன்று கம்பனிகளையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அழைத்தார்.

பதுளை நகரில் ‘ஸனா அலுமினியம்’ நடத்தும் லத்தீப், மகன் பர்ஹானோடு வந்தார். கடைக்குக் கடைசி மகளின் பெயர். வெட்டுவதும் பொருத்துவதும் பர்ஹானின் வேலை. வெலிமடையிலிருந்து மொஹிதீன் ஹாஜியார் வந்தார். கூடவே அவருடைய மகள் றின்ஸா. கடையின் வரைபடங்களும் விலைமனுக்களும் அவள் கம்பியூட்டரில்தான் பிறந்தன. மூன்றாவது ஆள் பெரகலையைச் சேர்ந்த ஜீவன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்; கொழும்புக் கம்பனியொன்றின் பிளாஸ்டிக் ஜன்னல்களுக்கு ஊவா மாகாணத்தில் ஏஜண்ட். ஒரு மாதிரி ஜன்னலைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்திருந்தான்.

குணமணி தேநீர் கொடுத்தார். சிவராசா தொண்டையைச் செருமினார்.

“ஒவ்வொருத்தரும் உங்கட சாமான் ஏன் நல்லதெண்டு சொல்லுங்கோ. பிறகு, மற்றவையின்ர சாமான்ல என்ன பிழையெண்டும் சொல்லுங்கோ.”

முதல் கேள்விக்கு மூவரும் ஆயத்தமாக வந்திருந்தார்கள். இரண்டாவதற்கு ஆயத்தம் தேவைப்படவில்லை.

“சேர், நான் மத்தவங்கள கொற சொல்றவனில்ல,” என்று லத்தீப் தொடங்கினார். “ஆனா வெலிமடையில போட்ற அலுமினியம் பார் இரிக்கே, அது ஜன்னலுக்கில்ல. கோழிக்கூட்டுக்கு.”

“அல்லாஹ்வே!” மொஹிதீன் கோப்பையை வைத்துவிட்டார். “வெலிமடையில எத்தன லீக்ஸ் தோட்ட முதலாளிமார் வீட்டுல எங்கட ஜன்னல் இரிக்கி தெரியுமா சேர்? உருளக்கெழங்கு வெல ஏறுற வருஷம் எங்களுக்கு ராவு பகலா வேல. இந்தப் பதுளக் கடைகள்ல ரப்பர சும்மா பேருக்கு வைக்கிற. ரெண்டு மழ பெய்ஞ்சா வெளிய வந்து பாம்பு மாதிரி தொங்கும்.”

“ரெண்டு பேரும் சொல்றது உண்மைங்க ஐயா,” என்றான் ஜீவன் பணிவாக. “அதான் நான் அலுமினியமே வேணாங்கிறேன். இது துரு பிடிக்காது, கறையான் தின்னாது, வெளிச்சத்தம் உள்ள வராது. இப்ப பாருங்க.” மாதிரி ஜன்னலை மேசை நடுவில் நிறுத்தி, சாத்தி, அதற்குப் பின்னால் போய் நின்றான். “நான் பேசுறது கேக்குதுங்களா?”

“கேக்குது,” என்றார் குணமணி.

“அது சைடால வருதுங்கம்மா.”

அந்த நேரம் பார்த்து மழை காற்றோடு திரும்பியது. தும்புத்தடி சரிந்தது. முன்னறை ஜன்னல் படாரென்று திறந்து, மேசையிலிருந்த வரைபடங்கள்மேல் தண்ணீர் அள்ளி வீசியது. பர்ஹான் பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றான். முட்டுக்கொடுக்க வேறொன்றும் கிடைக்காததால் மீதிக் கூட்டம் முழுவதும் அவன் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. மூன்று ஜன்னல் கம்பனிகள் கூடியிருந்த அறையில் ஒரு ஜன்னலுக்கு ஒரு மனிதன் கொண்டியாக நின்றான்.

றின்ஸா நனைந்த தாள்களைத் துடைத்தபடி அவனைப் பார்த்தாள். “நீங்க என்ன சைஸ் ரப்பர் வைக்கிற?”

பர்ஹான் சொன்னான்.

“அப்ப அது தொங்கத்தான் செய்யும்.”

பர்ஹான் சட்டை முதுகில் ஈரம் ஊற, ஜன்னலை இன்னும் இறுக்கி அழுத்தினான்.

அதற்குப் பிறகு சிவராசாவின் கடிதங்கள் தொடங்கின. ‘தங்கள் ரப்பர் வெளியே தொங்கும் என வெலிமடைக் கம்பனி தெரிவித்துள்ளது. தங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்’ என்று ஸனா அலுமினியத்துக்கு முதல் கடிதம் போனது. வாசித்த பர்ஹானுக்குக் கோபம் வந்தது. சண்டை பிடிக்கவென்றே வெலிமடைக் கடைக்குப் போன் எடுத்தான். றின்ஸாதான் எடுத்தாள்.

“நீங்கதான் சேருக்கு இத எழுதிக் குடுத்ததா?”

“நான் எழுதல்ல. ஆனா உண்மதானே? நீங்க எங்க ரப்பர் எடுக்கிற?”

அரை மணித்தியாலம் சண்டை நடந்தது. முடிவில், பிழை ரப்பரிலல்ல, அதை வைக்கும் பள்ளத்தில்தான் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த கிழமை, பதுளைக் கம்பனி கோழிக்கூடு என்று சொன்னதற்கு விளக்கம் கேட்டு வெலிமடைக்கு ஒரு கடிதம் போனது. இந்தத் தடவை றின்ஸா போன் எடுத்தாள். கண்ணாடித் தடிப்பு, பூட்டின் உத்தரவாதம், கொசு வலை என்று சிவராசா கேள்விகளைப் பெருக்கிக்கொண்டே போனார். சில மாதங்களில் அவர்கள் இருவரும் கடிதம் வரும்வரை காத்திருப்பதை விட்டுவிட்டார்கள்.

சிவராசாவுக்கு வேறொரு சிக்கல் முளைத்தது. விலைமனுக்கள் பதினான்கு நாட்களுக்குத்தான் செல்லும். அவரோ தரத்துக்கு, விலைக்கு, நடத்தைக்கு என்று தனித்தனியாகப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். தேநீர்க் கோப்பையைக் குசினிவரை கொண்டுபோய் வைத்ததற்காக ஜீவனுக்கு நடத்தையில் கூடுதல் புள்ளி. கூட்டி முடிப்பதற்குள் டொலர் ஏறிவிடும், விலை மாறிவிடும். புதிய விலைமனு வரும். பழைய புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். குணமணி இன்னும் இரண்டு யூரியாப் பைகள் வெட்டினார்.

“அந்தப் பிள்ளையளில ஒண்டைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கோவன்.”

“அவசரப்பட்டா ஏமாந்து போவம், மணி. முதல்ல இவையள் ஏற்கெனவே பூட்டின வீடுகளை நேரில பாக்கவேணும்.”

பார்த்தார். வெயில் தெளிந்த ஒரு நாள் ஜீவன் அவரைப் பெரகலைக்குக் கூட்டிப்போய், கீழே ஒரு தோட்டத்தில் தங்கேஸ்வரி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் புது வீட்டைக் காட்டினான். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் போட்ட வெள்ளை ஜன்னல்கள் பளபளவென்று நின்றன. சிவராசா குடை நுனியால் தட்டிப் பார்த்தார். திறந்தார், சாத்தினார்.

“எப்பிடி அம்மா, யன்னல் திருப்தியோ?”

“ரொம்ப நல்லாருக்குங்க ஐயா. லயத்து வீட்டுல இருந்தப்ப காத்து எங்களோடயே வந்து படுத்துக்கும். இப்ப ஒரு சத்தம் இல்லைங்க.”

“குறை ஏதும்?”

தங்கேஸ்வரி ஜீவனை ஒருமுறை பார்த்தார். “குறைன்னு இல்லைங்க. காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஊதுற சங்குதான் கேக்க மாட்டேங்குது. ரெண்டு வாட்டி கணக்கெடுத்து முடிஞ்சப்புறம் போய் நின்னேன். கங்காணி திருப்பி அனுப்பிட்டாரு. இப்ப ராத்திரியில ஒரு ஜன்னலத் தொறந்து வச்சுட்டுத்தாங்க படுக்கிறோம்.”

“அது ஜன்னலோட தரத்துக்கு சாட்சிங்க ஐயா,” என்றான் ஜீவன்.

சிவராசா அன்றிரவு வெகுநேரம் யோசித்தார். கூடிய தரம் என்பது நிறையா, குறையா? அதற்கு எத்தனை புள்ளி போடுவது? அவருடைய அலுவலக வாழ்க்கையில் இப்படியொரு கேள்வி எழுந்ததேயில்லை. அங்கே வந்த எந்தப் பொருளிலும் தரம் கூடியிருக்கவில்லை.

ஜூன் மாதம், லத்தீபின் மனைவி றம்ஸியா ஒரு பெட்டி வட்டலப்ப இனிப்போடு குணமணியைப் பார்க்க வந்தார்.

“மிஸ், ஒரு விஷயம் கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. வெலிமட ஹாஜியார்ட மகள் ஒங்கட வீட்டுக்கு வந்து போறதானே? பொண்ணு எப்படி?”

குணமணி கணக்கு ரீச்சராக இருந்தவர். சுற்றி வளைக்கத் தெரியாது. “உங்கட மகனுக்கோ?”

றம்ஸியா சிரித்தார். “அவன் வாயத் தொறந்தா ரப்பர், றின்ஸா. ரெண்டும்தான்.”

“நல்ல பிள்ளை. இவர் ஒரு கேள்வியை மாத்தி மாத்தி எத்தினை தரம் கேட்டாலும் முகம் சுழிக்காமல் பதில் சொல்லுறா. அவவால எப்பிடிப்பட்ட மாமியாரையும் சமாளிக்கலாம்.”

றம்ஸியா ஒரு கணம் யோசித்தார். பிறகு அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வெள்ளிக்கிழமை லத்தீப் குடும்பம் வெலிமடைக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டது.

அழைப்பிதழோடு லத்தீப் வந்தபோது சிவராசா அதை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு கிழமைக்குள்ளயோ? வேற ஒரு இடமும் பாக்காமலோ? குறைஞ்சது மூண்டு இடமாவது பாத்திருக்க வேண்டாமோ லத்தீப்?”

“புடிச்சிட்டுதே சேர். பொறகு என்னத்துக்கு அலையிற?”

அவர் போனபின் சிவராசா மனைவியைப் பார்த்தார். “மணி, உமக்கு விளங்குதோ? போட்டிக் கம்பனி ரெண்டும் சம்பந்தியாகப் போகினம். இனி ரெண்டும் ஒரு கை. மிஞ்சுறது ஜீவன் ஒருத்தன். ஒற்றை விலைமனுவை ஏற்கேலாது. இந்த டெண்டர் செல்லாது.”

குணமணி கல்யாணத்துக்கு என்ன சேலை உடுத்துவது என்று அலுமாரியைத் திறந்தார். அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறி, நல்ல பட்டு ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதை எடுத்துக் கணவன் முன்னால் மேசையில் விரித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சிவராசாவுக்கு முதன்முறையாக உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் டெண்டர் கோப்பை மூட மனம் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருட உழைப்பல்லவா?

செப்டெம்பரில் பண்டாரவளை மண்டபமொன்றில் கல்யாண விருந்து. பலர் சேர்ந்து உண்ணும் பெரிய ஸஹன் தட்டைச் சுற்றிச் சிவராசாவை நடுவில் இருத்தி, இரண்டு சம்பந்திமாரும் இரு பக்கமும் அமர்ந்துகொண்டார்கள். எதிரே ஜீவன். லத்தீப் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து மொஹிதீன் பக்கம் தள்ளினார். மொஹிதீன் அதைத் திருப்பித் தள்ளினார். நடுவிலிருந்த சிவராசாவுக்குச் சோறு மட்டும் மிஞ்சியது.

“சேர், ஜன்னல் இன்னும் போடல்லயாமே?” என்றார் லத்தீப். “நான் உண்மைய சொல்றன். சம்பந்திட சாமானையே போடுங்க. பார் நல்ல கனம்.”

“சும்மா இரிங்க,” என்றார் மொஹிதீன். “சேர், பதுள பினிஷிங் எங்களுக்கு வராது. ரப்பர் கல்லு மாதிரி நிக்கும். அவங்களுக்கே குடுங்க.”

சிவராசா கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். “லத்தீப், நீங்கள்தானே கோழிக்கூட்டுப் பார் எண்டு சொன்னனீங்கள்?”

“கோழிக்கும் நல்ல கூடு வேணும்தானே சேர்.”

சிவராசா கடைசி நம்பிக்கையோடு ஜீவனைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் சொல்றது உண்மைங்க ஐயா,” என்றான் அவன், எலும்பை ஓரமாக வைத்தபடி. அவனும் இப்போது அவர்களிடம்தான் கண்ணாடி எடுத்தான்.

நவம்பர் மழையில், குணமணி புதுத் தம்பதியை இராச்சாப்பாட்டுக்கு அழைத்தார். இடியப்பம், மீன்குழம்பு, சொதி எல்லாம் மேசையில் வைத்து முடித்த நேரம் காற்று எழும்பியது. தும்புத்தடி பறந்தது. முன்னறை ஜன்னல் திறந்துகொண்டது. சொதியில் மழை பெய்தது. றின்ஸாவின் புது உடுப்பு ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. பர்ஹான் பழக்கத்தில் எழுந்துபோய் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்தான்.

“சாப்பிடுங்கோ தம்பி,” என்றார் குணமணி.

“எப்படி மிஸ்?”

றின்ஸா எழுந்து ஒரு இடியப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தொட்டு அவனுக்கு ஊட்டினாள். பிறகு வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு பிள்ளை தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாமல் நிற்பதைப் பார்த்துக் குணமணியின் கண் கலங்கியது. அவர் கணவனை நோக்கித் திரும்பினார். சத்தம் போடவில்லை.

“இஞ்சாருங்கோ. நான் கேட்டது யன்னல். நீங்கள் ஒரு வருஷமா எனக்குத் தந்தது யூரியாப் பை. இண்டைக்கு முடிவெடுங்கோ. இல்லாட்டி நான் கனடாவுக்கு வதனியிட்டப் போறன். அங்க யன்னல் பூட்டும்.” பின் றின்ஸாவிடம், “பிள்ளை, நீரும் பர்ஹானும் பண்டாரவளையில புதுசாக் கடை திறக்கிறதெண்டு கேள்விப்பட்டன். எட்டு யன்னலுக்கு என்ன விலை?”

அளவுகள் அவர்களுக்கு மனப்பாடம். எத்தனை தரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள்! றின்ஸா போனில் கணக்குப் பார்த்து விலை சொன்னாள்.

சிவராசாவின் வாய் அவரையும் மீறித் திறந்தது. “மற்ற ரெண்டு விலையும்...”

“வாப்பாவுக்குக் கோல் எடுக்கிறன் சேர்,” என்றான் பர்ஹான் ஜன்னலோடு சாய்ந்தபடி. லத்தீப் எடுத்தார். மகன் எவ்வளவு சொன்னான் என்று முதலில் கேட்டார். பிறகு அதைவிடக் கூட ஒரு விலை சொன்னார். றின்ஸா வெலிமடைக்கு எடுத்தாள். மொஹிதீனும் அதையே கேட்டுவிட்டு, லத்தீபையும் தாண்டி ஒரு விலை சொல்லி, “புள்ளைகளுக்கே குடுங்க சேர்” என்று வைத்துவிட்டார்.

மேசையில் மூன்று விலைகள். மூன்றும் ஒரே குடும்பத்துடையவை. இதில் எது வெல்லும் என்பது போன் எடுக்கும் முன்பே முடிவாகிவிட்டது. தன் அலுவலக மேசைக்கு வருடக்கணக்காக வந்த விலைமனுக்களுக்கும் இதற்கும் இம்மியும் வித்தியாசமில்லை என்று சிவராசாவுக்குத் தெரிந்தது. அவர் மழை விழுந்த சொதியைப் பார்த்தார், ஜன்னலில் ஒட்டி நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“மூண்டும் வந்திட்டுது,” என்றார் குணமணி. “எது குறைவு?”

“இவையின்ரதுதான்,” என்றார் சிவராசா மெதுவாக. “சரி. போடுங்கோ தம்பி.”

பர்ஹான் ஜன்னலை விட்டுவிட்டுக் கைகொடுக்க ஓடி வந்தான். மழையும் கூடவே வந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த வாரமே ஆட்கள் வந்தார்கள். பர்ஹான் சட்டம் பொருத்தினான். றின்ஸா மட்டம் பிடித்துப் பார்த்தாள். ரப்பர் வைக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததன் காரணம் சிவராசாவுக்கு விளங்கவில்லை. கழற்றிய பழைய மரத்தில் பாதி கறையான் மண். மிச்சத்தைப் பக்கத்து வீட்டார் அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. குணமணி பழக்கத்தில் துணிகளை அள்ளிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போனார். எங்கும் ஈரமில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் திரும்பி வந்து முன்னறையில் உட்கார்ந்தார். சிவராசா எட்டு ஜன்னல்களையும் இன்னொரு தடவை திறந்து சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்து இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல கம்பனி,” என்றார் சிவராசா. “ஆராவது கேட்டா நான் தைரியமாச் சொல்லுவன்.”

“கம்பனியின்ர பேர் என்ன?”

சிவராசா யோசித்தார். கடைக்கு இன்னும் பெயர்ப்பலகைகூடப் போடவில்லை என்று பர்ஹான் சொன்னது நினைவுக்கு வந்தது.

“அது இனித்தான் வைப்பினமாம்,” என்றார். “மூண்டு பேர் யோசிச்சு வைச்சிருக்கினமாம். என்னட்டயும் ஒருக்காப் பாக்கச் சொன்னவை.”

“நீங்கள் ஒண்டும் பாக்க வேண்டாம்,” என்றார் குணமணி.